தமிழ் எழுத்துக் குறியேற்றம்: வரலாறும் மென்பொருள் உருவாக்குநருக்கான நடைமுறைக் குறிப்புகளும்

கணினியிலும் கைப்பேசியிலும் தமிழைச் சேமிக்க ஒவ்வோர் எழுத்துக்கும் அல்லது எழுத்தின் உறுப்புக்கும் ஓர் எண் வழங்கப்படுகிறது. இந்த ஏற்பாட்டுக்கு எழுத்துக் குறியேற்றம் என்று பெயர். இன்று உலகெங்கும் வழங்கும் குறியேற்றம் ஒருங்குறி, அதாவது யூனிகோடு ஆகும். இதை எல்லோரும் ஏற்பதற்கு முன் ஒரே தமிழ்ச் சொல் பத்துக் கணினிகளில் பத்து விதமாகச் சேமிக்கப்பட்ட காலம் ஒன்று இருந்தது. அக்காலத்தில் தட்டச்சு செய்யப்பட்ட ஆவணங்கள் பலவற்றை இன்று திறந்தால் பொருளற்ற எழுத்துகளே தெரிகின்றன.

சேலம், நாமக்கல் பகுதிகளில் பொறியியல் கல்லூரிகளும் கலை அறிவியல் கல்லூரிகளும் நிறைய உள்ளன. கணினி அறிவியல் பயிலும் மாணவர்கள் பள்ளிக்கு, லாரி புக்கிங் அலுவலகத்துக்கு, கோழிப்பண்ணைக்கு, நெசவாளர் சங்கத்துக்கு என்று தமிழில் இயங்கும் செயலிகளை எழுத வாய்ப்புள்ளது. ஆங்கிலத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்ட நிரலில் தமிழை இட்டால் பெயர்கள் பாதியில் அறுபடும், அகரவரிசை குலையும், தேடினால் கிடைக்காது. இவை ஏன் நிகழ்கின்றன என்பதை அறிய, குறியேற்றம் வளர்ந்த வரலாற்றை அறிய வேண்டும்.

சேலத்தில் ஒரு முன்னோடி முயற்சி

தமிழில் தொழில்நுட்பத்துக்குப் பொதுத்தரம் வேண்டும் என்ற எண்ணம் கணினிக்கு முற்பட்டது. 1916-ஆம் ஆண்டில், சேலத்தில் வழக்கறிஞராக இருந்த ராஜாஜி, தமிழ் அறிவியல் கலைச்சொற்களுக்கென ஒரு சங்கத்தைத் தோற்றுவித்தார். தாவரவியல், வேதியியல், இயற்பியல், வானியல், கணிதம் ஆகிய துறைகளுக்கு உரிய தமிழ்ச் சொற்களை உருவாக்குவது அதன் நோக்கம். அடுத்த ஆண்டில் அவர் சேலம் நகராட்சித் தலைவராகவும் ஆனார்.

ஒரு கருத்துக்கு ஒவ்வோர் ஆசிரியரும் ஒவ்வொரு சொல்லைப் பயன்படுத்தினால், ஒருவர் எழுதிய பாடநூல் மற்றவரின் மாணவருக்குப் பயன்படாது. அனைவரும் ஒரே சொல்லை ஏற்றால்தான் அறிவு கைமாறும். எண்பது ஆண்டுகளுக்குப் பின் தமிழ்க் கணிமையில் எழுந்ததும் இதே சிக்கல்தான். அப்போது சொல்லுக்குப் பதிலாக எழுத்தின் எண் விவாதப் பொருளானது.

எழுத்துச் சீர்திருத்தமும் தட்டச்சுப் பொறியும்

ஈரோட்டிலிருந்து 'குடி அரசு' இதழை நடத்திய பெரியார் 1930-களிலேயே எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்தினார். தமிழ்நாடு அரசு 1978 அக்டோபரில் அவற்றுள் ஒரு பகுதியை ஏற்று ஆணையிட்டது. ணா, றா, னா; ணொ, றொ, னொ; ணோ, றோ, னோ; ணை, லை, ளை, னை ஆகிய 13 எழுத்துகள் தனி வடிவங்களை விட்டு, மற்ற உயிர்மெய் எழுத்துகளைப் போலத் துணைக்கால், கொம்பு, இணைக்கொம்பு ஆகியவற்றோடு எழுதப்படலாயின. அச்சுக் கோப்போருக்கும் தட்டச்சு செய்வோருக்கும் இது வேலையை எளிதாக்கியது.

தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்கியவர்களுள் ஆர். முத்தையா முதன்மையானவர். அப்பொறியில் எழுத்தின் உறுப்புகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் அடிக்கப்படும். 'செ' என்று அடிக்க முதலில் ஒற்றைக்கொம்பு, பிறகு 'ச' அடிக்க வேண்டும். 'கொ' என்பதற்குக் கொம்பு, 'க', துணைக்கால் என மூன்று அடிகள். ஒலிக்கும்போது மெய் முன்னும் உயிர் பின்னும் வருகின்றன. தாளில் கொம்பு முன்னால் நிற்கிறது. பின்னாளில் வந்த குறியேற்றங்களுக்கு இடையிலான முக்கிய வேறுபாடு இதிலிருந்தே தோன்றியது.

எழுத்துருக்களின் காலம்

1980-களில் தனிநபர் கணினி வந்தபோது தமிழுக்கு வழி செய்தவர்களில் பலர் வெளிநாடுவாழ் தமிழர்கள். கனடாவில் வாழ்ந்த கு. ஸ்ரீநிவாசன் 'ஆதமி' என்ற செயலியை உருவாக்கினார். மலேசியாவின் முத்து நெடுமாறன் 1985-இல் 'முரசு' மென்பொருளைத் தொடங்கினார். சுவிட்சர்லாந்தில் பணியாற்றிய கு. கல்யாணசுந்தரம் 'மயிலை' எழுத்துருவை இலவசமாக வழங்கினார்.

அக்காலக் கணினியில் ஓர் எழுத்துருவுக்கு 256 இடங்களே இருந்தன. அவற்றுள் முதல் 128 இடங்கள் ஆங்கிலத்துக்கும் குறியீடுகளுக்கும் உரியவை. எனவே எழுத்துரு செய்தவர்கள் ஆங்கில எழுத்துகள் இருந்த இடத்திலேயே தமிழ் வடிவங்களை வைத்தனர். அல்லது மீதி 128 இடங்களில் தமக்கு வசதியான வரிசையில் அடுக்கினர். ஓர் எழுத்துருவில் 'க' இருந்த இடத்தில் மற்றொன்றில் 'ம' இருந்தது. ஒரு கோப்பைப் படிக்க அது எழுதப்பட்ட அதே எழுத்துரு வேண்டும். எழுத்துரு இல்லையென்றால் உள்ளே தமிழும் இல்லை.

1990-களில் டி.டி.பி. மையங்கள் ஊர்தோறும் பெருகின. திருமண அழைப்பிதழ், கோயில் விழா நோட்டீஸ், பள்ளி ஆண்டு மலர், கூட்டுறவுச் சங்க அறிக்கை என எல்லாம் கணினியில் அச்சுக் கோக்கப்பட்டன. பாமினி, வானவில், ஸ்ரீலிபி போன்ற எழுத்துருக் குடும்பங்கள் பரவலாகப் பயன்பட்டன. தாளில் அச்சானவை இன்றும் படிக்கத்தக்கவை. நெகிழ் வட்டிலும் குறுவட்டிலும் கோப்பாக மட்டும் எஞ்சியவை அந்தந்த எழுத்துருவையோ மாற்றியையோ நம்பியே உயிர்வாழ்கின்றன.

1997 முதல் 2000 வரை

1997-ஆம் ஆண்டு இப்பகுதிக்கு முக்கியமானது. ஜனவரி 1-இல் சேலம் மாவட்டத்திலிருந்து பிரிந்து நாமக்கல் மாவட்டம் செயல்படத் தொடங்கியது. செப்டம்பரில் சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. புதிய மாவட்டமும் புதிய பல்கலைக்கழகமும் தம் பெயரைப் பதிவு செய்யத் தொடங்கிய அந்த ஆண்டில், 'நாமக்கல்' என்ற சொல்லைக் கணினியில் எந்த எண்களாகச் சேமிப்பது என்பதற்கு எல்லோரும் பின்பற்றிய தரம் இல்லை.

அதே ஆண்டில் சிங்கப்பூரில் முதல் தமிழ் இணைய மாநாடு நடைபெற்றது. அதற்கு முன்முயற்சி எடுத்தவர் எழுத்தாளரும் ஆசிரியருமான நா. கோவிந்தசாமி. உலகெங்கும் உள்ள தமிழ்க் கணிமை ஆர்வலர்கள் மின்னஞ்சல் வழியே விவாதித்து 'டிஸ்கி' என்ற 8 பிட் குறியேற்றத்தை உருவாக்கினர். மேல் 128 இடங்களில் தமிழும் கீழ் 128 இடங்களில் ஆங்கிலமும் இருந்ததால் இரு மொழிகளையும் ஒரே கோப்பில் எழுத முடிந்தது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை இக்குறியேற்றத்தில் வெளியிட்டது. பிறகு ஒருங்குறிக்கு மாறியது.

1999 பிப்ரவரியில் சென்னையில் இரண்டாம் மாநாடு நடந்தது. அண்ணா பல்கலைக்கழகத்தின் முன்னாள் துணைவேந்தர் மு. ஆனந்தகிருஷ்ணன் இப்பணியில் முன்நின்றார். தமிழ் மட்டும் எழுதுவதற்கு 'டாம்', தமிழும் ஆங்கிலமும் எழுதுவதற்கு 'டாப்' என இரு குறியேற்றங்களும் 'தமிழ்99' விசைப்பலகையும் தமிழ்நாடு அரசின் தரங்களாக ஏற்கப்பட்டன. தமிழ்99 விசைப்பலகையில் 12 உயிர், 18 மெய், ஆய்தம் ஆகிய 31 விசைகளைக் கொண்டே தமிழ் எழுத்துகள் அனைத்தையும் பெறலாம். இடக்கையில் உயிரும் வலக்கையில் மெய்யும் அமைந்துள்ளன. 2000-இல் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றமான உத்தமம் தொடங்கப்பட்டது.

டிஸ்கி, டாம், டாப் ஆகியவை அனைத்தும் எழுத்தின் வடிவத்தைச் சேமித்தவை. தட்டச்சுப் பொறியைப் போலவே, 'செ' என்பதில் முதலில் கொம்பும் பிறகு 'ச'வும் பதிவாகின.

ஒருங்குறி வந்த வழி

ஒருங்குறியின் முதற்பதிப்பு 1991-இல் வெளியானது. அதிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. இந்திய மொழிகளுக்காக 1988-இல் உருவான 'இஸ்கி' தரத்தை ஒட்டி அதன் இந்திய எழுத்துப் பகுதிகள் அமைக்கப்பட்டன. தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. உயிரெழுத்துகள், அகரம் ஏறிய மெய்கள், உயிர்க்குறிகள், புள்ளி, தமிழ் எண்கள், சில குறியீடுகள் என இப்போது அவற்றுள் 72 இடங்கள் நிரம்பியுள்ளன.

தமிழ் எழுத்துகள் 247 என்று பள்ளியில் கற்கிறோம். ஒருங்குறியில் அவற்றுள் பெரும்பாலானவற்றுக்குத் தனி எண் இல்லை. 'க' என்பதற்கு 2965 என்ற எண் உண்டு. 'க்' என்பது 'க'வும் புள்ளியும் சேர்ந்தது. அதாவது 2965, 3021. 'கி' என்பதும் இரண்டு எண்கள். தொல்காப்பியர் காலம் முதல் மெய்யோடு அகரம் சேர்ந்து 'க' பிறக்கிறது என்பது இலக்கணம். ஒருங்குறியிலோ 'க'வோடு புள்ளி சேர்ந்து 'க்' பிறக்கிறது. இலக்கணத்துக்கு மாறான இந்த அமைப்பு தமிழறிஞரிடையே நீண்ட விவாதத்தை எழுப்பியது.

எனினும் ஒருங்குறிக்கு இரு பெரும் நன்மைகள் இருந்தன. முதலாவது, ஒலிப்பு வரிசை. 'செ' என்பதில் முதலில் 'ச', பிறகு கொம்பு. கொம்பை இடப்பக்கம் வரைவது எழுத்துருவின் வேலை. இரண்டாவது, உலக மொழிகளோடு தமிழும் ஒரே கோப்பில் ஒரே நேரத்தில் இருக்க முடியும். விண்டோஸ் 2000 இயங்குதளத்தில் 'லதா' எழுத்துருவோடு தமிழ் ஒருங்குறி இடம்பெற்றது. 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா ஒருங்குறியிலேயே வளர்ந்தது. எ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர் போன்ற இலவசத் தட்டச்சுக் கருவிகள் வீட்டுக் கணினியில் ஒருங்குறித் தமிழை எளிதாக்கின.

2010 அரசாணை

2010 ஜூன் 23 முதல் 27 வரை கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடைபெற்றது. மாநாடு தொடங்கிய நாளில் தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தமிழுக்கான தரமாக ஏற்று ஆணையிட்டது. ஒருங்குறி இயங்காத இடங்களில் பயன்படுத்த 'டேஸ்16' என்ற குறியேற்றமும் ஏற்கப்பட்டது. டேஸ்16 அமைப்பில் 247 எழுத்துகளுக்கும் தனித்தனி எண் உண்டு. எண்ணுவதும் வரிசைப்படுத்துவதும் அதில் எளிது. ஆனால் அதன் எண்கள் ஒருங்குறியின் தனிப்பயன்பாட்டுப் பகுதியில் இருப்பதால், அதற்கென அமைந்த எழுத்துரு இல்லாத கணினியில் அதைப் படிக்க இயலாது.

2019 மார்ச்சில் வெளியான ஒருங்குறி 12-ஆம் பதிப்பில், முந்திரி, மா, காணி போன்ற தமிழ்ப் பின்னங்களுக்கும் பழைய அளவை, கணக்குக் குறியீடுகளுக்கும் 51 இடங்கள் சேர்க்கப்பட்டன. பழைய பத்திரங்களையும் கணக்கேடுகளையும் மின்னாக்குவோருக்கு இவை பயன்படும்.

ஊர்ப்பெயர்களில் ஒரு பாடம்

வரலாறு இவ்வாறு சென்றதால், மனிதர் எண்ணும் எழுத்தும் கணினி எண்ணும் குறியும் வேறுபடுகின்றன. இதைச் சில ஊர்ப்பெயர்களில் காணலாம்.

சேலம்: 3 எழுத்துகள், 5 குறிகள்.
மேட்டூர்: 4 எழுத்துகள், 8 குறிகள்.
நாமக்கல்: 5 எழுத்துகள், 8 குறிகள்.
ராசிபுரம்: 5 எழுத்துகள், 9 குறிகள்.
திருச்செங்கோடு: 7 எழுத்துகள், 14 குறிகள்.

இணையத்தில் மிகுதியாக வழங்கும் யு.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட்டுகள் தேவை. எனவே 'திருச்செங்கோடு' 42 பைட்டுகள் கொள்ளும். ஒரு நிரலில் 'நீளம்' என்று கேட்டால் 7, 14, 42 ஆகிய மூன்றில் எந்த விடையும் வரலாம். நிரல்மொழியைப் பொறுத்தும் கேட்கும் முறையைப் பொறுத்தும் அது மாறும். தமிழுக்கு நிரல் எழுதுவோர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, தமக்குத் தேவை எந்த எண்ணிக்கை என்பதே.

நடைமுறைக் குறிப்புகள்

எண்ணுதல்: எழுத்துகளை எண்ண, குறிகளை எண்ணும் பொதுச் செயற்கூறைப் பயன்படுத்தக் கூடாது. பைத்தான் மொழியில் 'ஓப்பன்-தமிழ்' என்ற திறமூல நூலகம் சொல்லை எழுத்துகளாகப் பிரித்துத் தருகிறது. ஜாவாஸ்கிரிப்டில் 'இன்டல் செக்மென்டர்' என்ற உள்ளமைந்த வசதி உண்டு.

வெட்டுதல்: படிவத்தில் ஊர்ப்பெயருக்கு 10 என்று உச்சவரம்பு வைத்தால், 7 எழுத்தே உள்ள திருச்செங்கோடு 'திருச்செங்' என்று நின்றுவிடும். 9 என்று வைத்தால் புள்ளியும் போய் 'திருச்செங' ஆகும். பைட்டு அளவில் வெட்டினால் கடைசிக் குறி உடைந்து கேள்விக்குறியோ கட்டமோ தோன்றும். வரம்பைத் தாராளமாக வைப்பதும், வெட்டுவது கட்டாயமானால் எழுத்தின் எல்லையில் வெட்டுவதும் நல்லது.

குறுஞ்செய்தி: ஆங்கிலக் குறுஞ்செய்தி ஒன்றில் 160 குறிகள் அடங்கும். தமிழ்க் குறுஞ்செய்தியில் 70 குறிகளே அடங்கும். இங்கே எழுத்தின் எண்ணிக்கை உதவாது. குறிகளின் எண்ணிக்கையே கட்டணத்தைத் தீர்மானிக்கும். பெற்றோருக்குத் தகவல் அனுப்பும் பள்ளிச் செயலியில் இதைக் கணக்கிட்டு வாசகத்தை அமைக்க வேண்டும்.

ஒப்பிடுதல்: 'கொல்லிமலை' என்பதில் 'கொ' இரு விதமாகச் சேமிக்கப்படலாம். 'க'வும் ஒகரக்குறியும் என இரண்டு குறிகள் ஒரு விதம். 'க', ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என மூன்று குறிகள் மற்றொரு விதம். திரையில் இரண்டும் ஒன்றே. கணினிக்கு அவை வெவ்வேறு சொற்கள். ஒருவர் ஒரு விதத்தில் பதிந்து மற்றொருவர் வேறு விதத்தில் தேடினால் ஊர் கிடைக்காது. இதற்கு 'இயல்பாக்கம்' என்ற தீர்வு உண்டு. பெறும் தரவு அனைத்தையும் என்.எஃப்.சி. என்ற இயல்பு வடிவுக்கு மாற்றிச் சேமிக்க வேண்டும். தேடும் சொல்லையும் அவ்வாறே மாற்ற வேண்டும். இன்றைய நிரல்மொழிகள் பலவற்றில் இது ஒரே வரி வேலை.

இயல்பாக்கம் தீர்க்காத இடங்களும் உள்ளன. 'ஸ்ரீ' என்ற எழுத்து இரு வேறு சகர வகைகளைக் கொண்டு எழுதப்படலாம். ஒன்றின் எண் 2998, மற்றதன் எண் 3000. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவில் தெரியும். இயல்பாக்கம் அவற்றை ஒன்றாக்காது. 'ஔவையார்' என்பதை 'ஒ', 'ள' என்று பிரித்து அடிப்பதும் வழக்கத்தில் உள்ளது. தமிழ் எண்ணான '௧' எழுத்தான 'க' போலவும், '௨' எழுத்தான 'உ' போலவும் தோன்றும். பெயர்ப்பட்டியல் தயாரிக்கும் நிரலில் இவற்றைத் தனியே கண்டறிந்து ஒரே வடிவுக்கு மாற்ற வேண்டும்.

வரிசைப்படுத்துதல்: ஒருங்குறியின் எண் வரிசை தமிழ் அகரவரிசை அன்று. தமிழில் 'ம'வுக்குப் பின் ய, ர, ல, வ, ழ, ள, ற, ன என்று வரும். ஒருங்குறியில் 'ன' என்பது 'ந'வை அடுத்தும், 'ற' என்பது 'ர'வை அடுத்தும், 'ள', 'ழ' இரண்டும் 'வ'வுக்கு முன்னும் உள்ளன. எனவே எண் வரிசையில் அடுக்கினால் பனமரத்துப்பட்டிக்குப் பின் பரமத்தி வரும். அகராதி முறையில் பரமத்தியே முதலில் வர வேண்டும். பவானிக்கு முன் பழனி வந்துவிடும். புள்ளி எழுத்திலும் இதே சிக்கல் உண்டு. அகராதியில் 'மக்கள்' முன்னும் 'மகன்' பின்னும் வரும். எண் வரிசையில் இது தலைகீழாகும். ஐ.சி.யூ. நூலகத்தில் தமிழுக்கான வரிசை விதி உள்ளது. தரவுத்தளத்திலும் நிரலிலும் தமிழ் மொழி விதியைக் குறிப்பிட்டு வரிசைப்படுத்த வேண்டும்.

சரிபார்த்தல்: 'எழுத்துகள் மட்டும்' என்று கட்டுப்பாடு வைக்கும் படிவங்கள் தமிழ்ப் பெயரை ஏற்க மறுப்பதுண்டு. காரணம், ஒருங்குறியில் 'க' எழுத்து என்ற வகையிலும், புள்ளியும் கொம்பும் துணைக்காலும் 'குறி' என்ற வேறு வகையிலும் உள்ளன. பைத்தானின் இயல்பான சுருங்குறித்தொடர் நூலகத்தில் சொற்களைப் பிரித்தால் 'சேலம்' என்பது 'ச', 'லம' என்று இரண்டாகச் சிதறும். எழுத்து, குறி ஆகிய இரு வகைகளையும் சேர்த்தே விதி எழுத வேண்டும். குடும்பப் பெயரைக் கட்டாயமாக்குவதும் தவறு. தந்தை பெயரின் முதலெழுத்தும் தம் பெயரும் மட்டுமே உள்ளவர்கள் இங்குப் பெரும்பாலோர்.

தரவுத்தளமும் கோப்பும்: மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் பழைய யு.டி.எஃப்8 அமைப்பு ஒரு குறிக்கு 3 பைட்டுகளே தரும். வழக்கமான தமிழுக்கு அது போதும். 2019-இல் சேர்ந்த பின்னக் குறியீடுகளுக்கு 4 பைட்டுகள் தேவை என்பதால் 'எம்.பி.4' என்று முடியும் அமைப்பையே தேர்ந்தெடுக்க வேண்டும். சி.எஸ்.வி. கோப்பை எக்செல்லில் திறக்கும்போது தமிழ் சிதைந்து தெரிந்தால், கோப்பின் தொடக்கத்தில் யு.டி.எஃப்-8 அடையாளம் இல்லாதது பெரும்பாலும் காரணமாக இருக்கும். சேமிக்கும்போதே அவ்வடையாளத்தைச் சேர்க்கலாம்.

தோற்றம்: வலைப்பக்கத்தில் மொழி தமிழ் என்று அறிவிக்க வேண்டும். திரைவாசிப்பான் பயன்படுத்தும் பார்வைக் குறைபாடுடையோருக்கு அது உதவும். தமிழில் மேல்விலங்கும் கீழ்விலங்கும் உள்ளதால் வரி இடைவெளி ஆங்கிலத்தைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்க வேண்டும். நோட்டோ, லோகித் போன்ற இலவச எழுத்துருக்கள் கிடைக்கின்றன. நிரல் வழியே படத்தில் தமிழை வரையும்போது கவனம் தேவை. பைத்தானின் 'பில்லோ' நூலகத்தில் சிக்கலான எழுத்துகளைக் கோக்கும் துணை நூலகம் இல்லையெனில், கொம்பு எழுத்துக்கு வலப்பக்கம் விழும். நூறு சான்றிதழ்களை அச்சிடுவதற்கு முன், கொம்பு உள்ள பெயர் ஒன்றை அச்சிட்டுப் பார்ப்பது அவசியம்.

பழைய ஆவணங்கள்: பாமினி, டிஸ்கி, டாப் போன்றவற்றில் உள்ள கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்ற என்.எச்.எம். கன்வெர்ட்டர், பொங்குதமிழ் போன்ற மாற்றிகள் உள்ளன. லினக்ஸ் கணினியின் குறியேற்ற மாற்றி டிஸ்கியை அறியும். மாற்றும்போது கொம்பின் இடம் மாற வேண்டும் என்பதால், வெறும் எண்ணுக்கு எண் பதிலீடு போதாது. மாற்றிய பிறகு கொ, கோ, கௌ வரிசைச் சொற்களைக் கண்ணால் சரிபார்க்க வேண்டும். மூலக்கோப்பை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். அச்சுத்தாள் மட்டுமே உள்ளபோது, தமிழை அறியும் 'டெசராக்ட்' என்ற திறமூல எழுத்துணரியைப் பயன்படுத்தலாம்.

மாணவருக்கு ஒரு பயிற்சி

'விகடகவி' என்ற சொல்லை எழுத்து எழுத்தாகத் திருப்பினாலும் அதே சொல் வரும். இதைச் சோதிக்கும் நிரலை மாணவர் எழுதிப் பார்க்கலாம். குறிகளைத் தலைகீழாக அடுக்கும் வழக்கமான நிரல் 'இல்லை' என்று விடை தரும். ஏனெனில் இகரக்குறி 'வ'வை விட்டுப் பிரிந்து சொல்லின் முதலில் வந்து நிற்கும். முதலில் எழுத்துகளாகப் பிரித்து, பிறகு திருப்பினால் சரியான விடை கிடைக்கும்.

அடுத்ததாகத் தம் மாவட்டத்தின் ஊர்ப்பெயர்களைப் பட்டியலிட்டு, எழுத்து, குறி, பைட்டு ஆகிய மூன்று எண்ணிக்கைகளையும் அச்சிடலாம். பின்னர் அகரவரிசையில் அடுக்கி, தமிழ் அகராதி முறையோடு ஒப்பிடலாம். இந்த இரு பயிற்சிகளும் ஒரு பிற்பகலில் முடியக்கூடியவை.

தரமும் பொறுப்பும்

1916-இல் சொல்லுக்கும், 1978-இல் வடிவத்துக்கும், 1999-இலும் 2010-இலும் குறியேற்றத்துக்கும் தமிழ்நாட்டில் உடன்பாடு தேடப்பட்டது. ஒவ்வொன்றும் பலரின் உழைப்பாலும் நீண்ட விவாதத்தாலும் அமைந்தது. இன்று சேலத்தில் அடித்த தமிழைச் சிங்கப்பூரிலும் டொராண்டோவிலும் அப்படியே படிக்க முடிகிறது என்றால் அது அந்த உடன்பாட்டின் பயன்.

தரம் எண்ணை மட்டுமே தருகிறது. அந்த எண்களை எழுத்தாகப் பார்ப்பது நிரல் எழுதுபவரின் பொறுப்பு. மதிப்பெண் சான்றிதழில் மாணவியின் பெயர் முழுமையாக வருவதும், பயனாளிகள் பட்டியலில் தேடினால் முதியவரின் பெயர் கிடைப்பதும் அவர் எழுதும் சில வரிகளைப் பொறுத்தவை. அதற்கு வேண்டிய கருவிகளில் பெரும்பாலானவை இலவசமாகவே கிடைக்கின்றன.